பீற்றிஸ் புதைத்த குளிசம்

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர் எங்களைப் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும், பழகிவிட்டது. ஆனால் மாந்திரீகம் என்பது திருநீறு பூசினவர்களின் சங்கதி, கழுத்தில் சிலுவை போட்டவர்களுக்கு அதில் பங்கில்லை என்று சிலர் நினைக்கிறார்களே, அங்கேதான் சிரிப்பு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் முழங்காலிடுகிற அதே கால்தான் திங்கட்கிழமை வாவியைக் கடந்து படுவான்கரையில் மருந்தும் மந்திரமும் பார்க்கிற பரிசாரி வீட்டுக்கும் போகும். போய் வந்ததை மட்டும் யாரும் வெளியே சொல்வதில்லை.

பீற்றிஸும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதால் வந்த கதைதான் இது.

வாவிக்கரையில் அவளைத் தெரியாத ஆள் இல்லை. விடியப் புறம் இடியப்பம் பிழிந்து ரவுனில் இரண்டு கடைகளுக்குக் கொடுப்பாள். சனிக்கிழமை வந்தால் கோவிலின் பீடத்துணிகளை எடுத்து வந்து தோய்த்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் கொண்டுபோய் வைப்பாள். இருபது வருடமாக அந்தக் கோவிலில் அவள் கைபடாத துணியில் பூசை நடந்ததில்லை. செபமாலை சொல்லும்போது குரல் பிசகாது. பெண் பார்க்கிற வீட்டார், “பொம்பிளைப் பிள்ளையை பீற்றிஸ் மாதிரி வளர்த்திருக்கா?” என்று கேட்கிற அளவுக்குப் பேர்.

அவள் புருசன் மத்தேயு வாவியில் வலை போடுகிறவன். தங்கமான மனுசன்தான், குடிக்காமல் இருந்தால். ஒரு காலத்தில் அவன் குடியாத நாள் பெரிய வெள்ளி மட்டும். தோணியைக் கட்டிவிட்டு நேரே தவறணைக்குப் போனால், பிறகு யாராவது தோளில் போட்டுக்கொண்டு வந்து முற்றத்தில் இறக்கிவிட வேண்டும். மகள் ஷெரோன் அப்போது பத்து வயதுப் பிள்ளை. அப்பனின் சட்டையைப் பிடித்து இழுத்து அவனைத் திண்டாடித் திண்டாடி உள்ளே கொண்டுவந்து கிடத்துவாள். அதைப் பார்க்கப் பார்க்கப் பீற்றிஸுக்கு வயிறு எரிந்தது. புனிதர்கள் எல்லோருக்கும் மெழுகுதிரி கொளுத்திப் பார்த்தாள். புனிதர்களுக்கு அவசரம் இல்லை, அவளுக்கு இருந்தது.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வளவுச் சுலோஜனா சொன்னாள்.

“படுவான்கரையில கோணாமலைப் பரிசாரி எண்டு ஒருத்தர் இருக்கார் கா. குடிய நிப்பாட்டுறதில கெட்டிக்காரர். ஆபத்துக்குப் பாவமில்ல, வா, நான் கூட்டிப் போறன்.”

அப்போது அந்த இடத்தில் பாலம் வரவில்லை. ‘பாதை’ என்று சொல்கிற மிதவையில் ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். பீற்றிஸ் கழுத்துச் சிலுவையைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். கோணாமலை அதிகம் பேசவில்லை. விரல் நீளத்தில் ஒரு செப்புக் குழாய், அதுதான் குளிசம். உள்ளே எழுத்தெழுதிய தகட்டைச் சுருட்டி வைத்து, இரண்டு பக்கமும் மெழுகால் அடைத்துக் கொடுத்தார். “அவர் காலெடுத்து வைக்கிற வாசலுக்குக் கீழ தாட்டு வை, புள்ள. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. சொன்னா வேலை செய்யா,” என்றார்.

மத்தேயு வலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அறை வாசலில் வெடித்துக் கிடந்த சீமெந்தைக் கொத்தி, முழங்கை ஆழத்தில் அதைத் தாட்டுவிட்டு மேலே பூசி மெழுகினாள். மேலே நின்று ‘பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே’ என்று ஒரு செபமும் சொன்னாள் என்றால் சிரிப்பீர்கள். அவளுக்கு அப்போது அது சிரிப்பாகப் படவில்லை.

அதே கிழமை, மத்தேயுவின் அக்கா பிலோமினா, தம்பியின் குடி நிற்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு ஆயித்தியமலை மாதாவிடம் கால்நடையாகப் போனாள். செருப்பில்லாமல் போய், காலெல்லாம் கொப்புளித்து வந்து சேர்ந்தாள். பிலோமினா வாய் பெரிய மனுசி, கோபம் வந்தால் வாவிக்கு அக்கரையிலும் கேட்கும். தம்பி மேல் உயிர்.

பதினைந்து நாளுக்குள் மத்தேயு குடியை விட்டான். ஏன் விட்டான் என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. “மணத்தாலே வயித்தப் பிரட்டுது,” என்றான், அவ்வளவுதான். பிலோமினா ஓடி வந்து பீற்றிஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “மாதா என்ட காலப் பாத்திட்டா கா,” என்று அழுதாள். பீற்றிஸ் ஓம் ஓம் என்று தலையாட்டினாள். கண் மட்டும் வாசற்படியில் இருந்தது.

மத்தேயு குடியை விட்டதோடு ஆளே மாறிப்போனான். அந்தோனியார் சபையில் சேர்ந்தான், பிறகு அதற்குத் தலைவனும் ஆனான். தவக்காலத்தில் சிலுவைப்பாதை சொல்வது அவன்தான். வீட்டில் சண்டை சச்சரவு நின்றது. பீற்றிஸ் அந்தக் குளிசத்தை மறந்தே போனாள். சுலோஜனா மகளோடு லண்டனுக்குப் போய்விட்டாள். கோணாமலையும் கண்ணை மூடினார். வாசலுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று தெரிந்த ஆள் உலகத்தில் அவள் ஒருத்திதான் மிச்சம்.

ஷெரோனுக்குக் கலியாண வயது வந்தது. பிலோமினாவின் மகன் அலனுக்கு உரிமை இருக்கிறது என்று ஊரே பேசிக்கொண்டது. பிலோமினாவும் அந்த நினைப்பில்தான் இருந்தாள். அலனுக்கு நிரந்தர வேலை இல்லை என்று பீற்றிஸ் முகத்துக்கு நேரே சொல்லி, வெளியில் மாப்பிள்ளை எடுத்தாள். பிலோமினா கலியாணத்துக்கு வந்தாள், பந்தியில் இருந்தாள், ஒரு வாய் வைக்காமல் எழும்பிப் போனாள். பிறகு மெல்ல மெல்லப் போக்குவரத்துத் தொடங்கியது. இரத்தம் இல்லையா?

எங்கள் பக்க வழக்கப்படி வீடு மகளுக்குச் சீதனம். ஷெரோனும் புருசனும் வீட்டில் இருக்க, பீற்றிஸும் மத்தேயுவும் அதே வளவில் சமைக்கிற ஒரு சின்னக் குசினி அறையில் ஒதுங்கினார்கள். ஷெரோனின் முதல் பிள்ளை நாலாம் மாதத்தில் கலைந்தது. இரண்டாவது ஏழு மாதம் வரை வந்து, பெற்றபோது மூச்சில்லை. ஆண் பிள்ளை. மத்தேயு அதைச் சேமக்காலைக்குத் தன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனான், பெட்டி அவ்வளவு சின்னது. அன்றையிலிருந்து ஷெரோன் சிரித்ததை யாரும் காணவில்லை.

மகளின் மனம் மாறட்டும் என்று வீட்டுத் தரைக்கு மாபிள் போடத் தொடங்கினார்கள். மேசன் அறை வாசலை உடைத்தபோது அலவாங்கில் ஏதோ தட்டியது. குனிந்து எடுத்து, பச்சை பிடித்த அந்தச் செப்புக் குழாயை உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

“ஐயோ, செய்வினை,” என்றான் மத்தேயு. ஷெரோன் வயிற்றைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள்.

பீற்றிஸ் குசினி வாசலில் மாக் கையோடு நின்றாள். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். “அது நான் வெச்ச, உங்கட குடிக்கு வெச்ச,” என்று ஒரு சொல். ஆனால் மகளின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளைத் தின்றது இதுதான் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. அதைவிட மோசம், பீற்றிஸுக்கே அப்படித்தான் பட்டது. அவள் வைத்ததை எடுக்காமல் விட்டதால், அது குடியைத் தின்று முடித்துப் பிறகு பிள்ளைகளைத் தின்னத் தொடங்கிவிட்டதோ என்று நெஞ்சு இடித்தது. மாக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இனி மத்தேயு செய்த காரியம். சிலுவைப்பாதை சொல்லுகிற மனுசன், அந்தோனியார் சபைத் தலைவன், ஃபாதரிடம் போகவில்லை. நேரே வாகரைப் பக்கம் வெற்றிலையில் மை பார்க்கிற ஒருவரிடம் போனான். “சாத்தான்ட வேல சாத்தான்ட ஆளுக்குத்தான் விளங்கும்,” என்று அதற்கொரு நியாயமும் வைத்திருந்தான். பீற்றிஸையும் கூட்டிக்கொண்டு போனான்.

கோணாமலை உயிரோடு இருந்து அவரிடம் போயிருந்தால், தன் கைவேலையைப் பார்த்த உடனே சொல்லியிருப்பார். இவர் வெற்றிலையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “வெளி ஆள் இல்ல. உள்ள பொழங்குற ஆள். பொம்புள,” என்றார். பீற்றிஸ் முந்தானைக்குள் செபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள்.

“இரத்த உறவு. உங்கட வளவுக்கு மேக்கால இருக்கிறா.”

மேற்கே, நாலாவது வளவில் இருப்பது பிலோமினா. பீற்றிஸ் மூச்சை விட்டாள். அந்த ஒரு மூச்சுத்தான் அவள் செய்த பாவம். குளிசம் தாட்டதெல்லாம் அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

அடுத்த நாள் ஊர் முழுக்கக் கதை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அலனைக் கட்டிக் கொடுக்காத வன்மம் என்று காரணமும் கண்டுபிடித்துவிட்டார்கள். கேள்விப்பட்டு பிலோமினா விறுவிறு என்று வந்து தம்பியின் படலையில் நின்றாள்.

“தம்பி, மாதா அறிய அந்தச் சாமான நான் வெக்கல்ல. கண்டதும் இல்ல.”

“அப்ப இந்த ரெண்டு புள்ளையும் போனதுக்கும் உனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லயா அக்கா? அதச் சொல்லு. மாதா மேல சத்தியம் பண்ணிச் சொல்லு,” என்றான் மத்தேயு.

பிலோமினா வாயைத் திறந்தாள். ஊரைக் கூட்டிக் கத்துகிற அந்த வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்த வழியே கிறுகிப் போய்விட்டாள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. பீற்றிஸுக்குக்கூடத் திகைப்பு. தான் வைத்ததற்கு மச்சாள் ஏன் தலை குனிகிறாள் என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

அன்றோடு மத்தேயு அக்காவின் முகம் பார்ப்பதை விட்டான். பூசையில் சமாதானம் சொல்லிக் கைகூப்புகிற நேரம் வந்தால் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வான். பிலோமினா கோவிலில் கடைசி வரிசை வாங்கிலுக்குப் போனாள், பிறகு கோவிலுக்கே விடிகிற பூசைக்கு மட்டும், ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்தாள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் அவளைக் கண்டால் வயிற்றைச் சேலையால் மூடினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

குளிசத்தை வாவியில் எறிந்து ஒரு வருடத்துக்குள் ஷெரோனுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. நல்ல கொழுத்த பிள்ளை. வீடு நிறையச் சந்தோசம். பீற்றிஸுக்கு மட்டும் அந்தப் பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் தூக்காமல் போன மற்ற இரண்டும் கனத்தன. இனி வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். “என்ட புள்ளைகளக் கொன்டது நீயா அம்மா?” என்று ஷெரோன் கேட்பாள். அதற்குப் பதில் வைத்துக்கொண்டு எந்தத் தாய் உயிரோடு இருப்பாள்?

ஆறு வருடம் போனது. போன தவக்காலத்தில் பங்குக்குப் புதிதாக வந்த ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள். ஃபாதர் வயதில் சின்னவர்.

“அம்மா, புள்ளைகள் போனது அந்தச் செப்பால எண்டு நம்பாதீங்க. செப்புக்கு அந்தப் பலம் இல்ல. நீங்க பரிசாரியிட்டப் போனதுக்கு ஆண்டவர் மன்னிப்பார். ஆனா நீங்க வாய் மூடினதால ஒரு மனுசி பேரிழந்து கிடக்கிறா. அந்தப் பேரை நீங்கதான் திருப்பிக் குடுக்க வேணும். உங்களுக்கு அபராதம் அதுதான்,” என்றார்.

நூறு செபமாலை சொல்லு என்றிருந்தால் சொல்லியிருப்பாள். இதைச் செய்ய அவளால் முடியவில்லை. மூன்று முறை மத்தேயுவின் முன்னால் போய் நின்று, மூன்று முறையும் தேத்தண்ணி வேணுமா என்று கேட்டுவிட்டு வந்தாள். நற்கருணை வாங்குவதையும் விட்டாள். ஏனென்று மத்தேயு கேட்டதற்கு, முழங்கால் ஏலாது, வரிசையில் நிற்க முடியல்ல என்றாள்.

புரட்டாதி பிறக்கையில் பிலோமினாவுக்கு ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அலன் கட்டாரில். அயல்பெண் ஒருத்தி வந்து பார்த்துப் போவாள். இனிப் பொறுத்தால் ஆகாது என்று பீற்றிஸுக்குப் பட்டது. முதலில் மச்சாளிடம் சொல்லிவிட்டால், மச்சாளே தம்பியைக் கூப்பிட்டுச் சொல்லுவாள். பிறகு வருவது வரட்டும். ஒரு பகல் நேரம் இடியப்பமும் சொதியும் எடுத்துக்கொண்டு போனாள். வழி முழுக்கச் சொல்ல வேண்டிய சொற்களை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

பிலோமினா எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். பீற்றிஸைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது.

“மச்சாள், உங்களிட்ட ஒரு விசயம் சொல்ல வந்தன்.”

“இரு கா, நான் முதல்ல சொல்லிருறன். மறுகா எனக்கு மூச்சு எடுக்க ஏலாமப் போயிரும்.”

மேல்மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். அந்தக் குளிசம் அவள் வைத்ததில்லை. ஆனால் ஷெரோனின் கலியாணத்தன்று பந்தியிலிருந்து எழும்பிப் போனவள், வீட்டுக்குப் போகவில்லை. ரோட்டோரத்து அந்தோனியார் சிலைக் கூட்டுக்குப் போய், ஒரு மெழுகுதிரியைத் தலைகீழாகப் பிடித்துக் கொளுத்தி வைத்தாள். பகையாளி கெட வேண்டும் என்று எங்கள் சனம் செய்கிற வேலை அது. சுவாமிமார் எத்தனையோ தரம் பிரசங்கத்தில் கண்டித்தும் விடாத பழக்கம்.

“அந்த வீட்டில புள்ள தூக்காமப் போகட்டும் எண்டு சொல்லிப் போட்டன் கா. வாயால சொல்லிப் போட்டன். அடுத்த நாளே போய் அழுது மன்னிப்புக் கேட்டன். ஆனா சொன்னது சொன்னதுதானே. அதுதான் தம்பி கேக்கக்குள்ள என்னால சத்தியம் பண்ண ஏலாமப் போச்சு. ரெண்டு புள்ளையையும் நான்தான் கொன்டது.”

இங்கே பீற்றிஸைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும், சொல்ல வாய் கூசுகிறது. அதைக் கேட்டதும் அவளுக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. ஆறு வருடமாக நெஞ்சில் ஏறிக் குந்தியிருந்தது இறங்கினது போல ஒரு இதம். செப்பு இல்லை, மெழுகுதிரி. நான் இல்லை, அவள். ஃபாதர் சொன்னபோது நம்பாதவள், இதை உடனே நம்பினாள்.

“மன்னிச்சிட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு கா. அத மட்டும் கேட்டுட்டுப் போறன்,” என்றாள் பிலோமினா.

“மன்னிச்சிட்டன் மச்சாள்.”

பிலோமினா அவளுடைய கையை இழுத்து, புறங்கையில் முத்தம் கொடுத்தாள். மாவு மணக்கிற அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தாள். பிறகு கேட்டாள்.

“நீ என்னமோ சொல்ல வந்தயே?”

“ஒண்டும் இல்ல. சாப்பிட ஏலுமா எண்டு கேக்கத்தான் வந்தன்.”

வீட்டுக்கு வந்து சேருமுன்னே அவளுக்கு நெஞ்சு எரியத் தொடங்கிவிட்டது. நாளைக்குப் போய்ச் சொல்லுவேன், விடிந்ததும் முதல் வேலை அதுதான் என்று தனக்குத்தானே சத்தியம் பண்ணினாள். விடிய இடியப்பத்தட்டை அடுப்பில் ஏற்றும்போது கோவிலில் துக்க மணி அடித்தது.

மத்தேயு சாவீட்டுக்கு வரமாட்டேன் என்று வலையைத் தூக்கினான். கூடப் பிறந்தவளின் பெட்டியைப் பிற ஆள் தூக்க விடலாமா என்று பீற்றிஸ் அழுதாள். எப்படியாவது அவனை அங்கே கொண்டுபோக வேண்டும் என்ற தவிப்பில், “நேத்து அவ என்னட்ட மன்னிப்புக் கேட்டவ,” என்று சொல்லிவிட்டாள்.

வலை அவன் கையிலிருந்து நழுவியது. “அப்ப அவதான் வெச்சிருக்கா,” என்றான்.

பீற்றிஸ் ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் போனான். பெட்டியின் தலைமாட்டைத் தோளில் தாங்கினான். சேமக்காலையில் பிடி மண் போடுகிறபோது எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னான், “அக்கா, நான் உன்ன மன்னிச்சிட்டன்.” நின்ற சனம் கண்ணைத் துடைத்தது. எவ்வளவு பெரிய மனசு என்றது.

முப்பத்தோராம் நாள் பூசையில் வாசிக்கிற மன்றாட்டுக் கருத்தை மத்தேயுவே கடதாசியில் எழுதிக் கொடுத்தான். பூசை நடுவில் ஃபாதர் அந்தக் கடதாசியை விரித்தார். கண்ணாலே ஒருதரம் வாசித்தார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வைத்து ஒரு குருவானவர் ஒரு சொல்லைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. பீற்றிஸ் இருந்த பக்கம் அவர் பார்க்கவே இல்லை. எழுதியிருந்தபடியே வாசித்தார்.

“மரித்த பிலோமினா, தன் சகோதரனின் குடும்பத்துக்குச் செய்த பாவம் பொறுக்கப்பட்டு, நித்திய இளைப்பாற்றி அடைய வேண்டுமென்று மன்றாடுவோம்.”

பீற்றிஸ் எழும்பினாள். வாங்கிலைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். பக்கத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஷெரோன் நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். மத்தேயு எட்டிப் பீற்றிஸின் தோளைத் தட்டினான்.

“அழாத புள்ள, இரு,” என்றான் மெல்ல. “அவ போற நேரம் நீ மன்னிச்சு அனுப்பினதே பெரிய புண்ணியம்.”

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்,” என்று கோவில் முழுக்கச் சொன்னது. பீற்றிஸும் சொன்னாள்.